கிளிக்குஞ்சு கைத்தீனியை மறக்க நான் வாங்கியதில் உருப்படியானது: முந்நூறு ரூபாய்த் தராசு

காக்டெய்ல் என்கிற கொண்டை வைத்த சின்னக் கிளியின் குஞ்சு ஒன்றைத் தானாகக் கொத்தித் தின்னப் பழக்குவதற்கு எங்கள் வீட்டில் வாங்கிய சாமான்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. கூழாகக் கரைத்துக் கையால் ஊட்டும் கைத்தீனிப் பொடி, ஊசியில்லாத சிரிஞ்சுகள், ஓரம் மடக்கிய கரண்டி, சின்னக் குருணையாக வரும் பெல்லட் தீவனம், பிளாஸ்டிக் உறையில் தினைக்கதிர், 'குஞ்சுகளுக்கான மென்மையான உணவு' என்று மேலே எழுதிய ஒரு டப்பா. இவற்றில் பாதியைப் பறவை வளர்க்கும் யாராவது கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவேன். கொடுக்க மாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரே பொருள், பறவைக் கடையில் வாங்காதது. சமையலறைத் தராசு.

எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளை பிளாஸ்டிக், மேலே வட்டத் தட்டு, முன்னால் இரண்டு பட்டன், இரண்டு பென்சில் பேட்டரி. பத்து கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் துல்லியம் என்று போட்டிருக்கும். ஒரே அச்சில் வார்த்து ஆளுக்கொரு பேர் ஒட்டி விற்கிறார்கள். முந்நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது.

நான் மதுரை தெற்காவணி மூல வீதியில் நகைக்கடையில் வேலை பார்ப்பவன். எங்களிடம் உள்ள தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். ஃபேன் காற்றுப் பட்டாலே கடைசி இலக்கம் ஆடும். தொழிலாளர் துறை ஆட்கள் வந்து பார்த்து முத்திரை போட்டுவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வெள்ளைத் தராசு விளையாட்டுச் சாமான்தான். முத்திரை கிடையாது, வியாபாரத்துக்கு ஆகாது. ஆனால் கிளிக்குஞ்சுக்கு மில்லிகிராம் எதற்கு? வளர்ந்த காக்டெய்ல் 80 முதல் 100 கிராம் வரை வரும். பத்துப் பவுன் நகையைத் தூக்குகிற மாதிரிதான் கையில் இருக்கும். அந்த எடையில் ஒரு கிராம் ஏறுவதும் இறங்குவதும் சேதி சொல்லிவிடும். பத்து கிராம் இறங்கினால் அது ஆபத்து. கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் இறகு எல்லாவற்றையும் மூடிவிடும். மெலிந்த குஞ்சும் கொழுத்த குஞ்சும் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரே பந்துதான்.

குஞ்சை விற்றவர் தராசு என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஊர் பேர் வேண்டாம். வீட்டு மாடியில் கூண்டு கட்டி வளர்ப்பவர். "இன்னும் பத்து நாள் பொடி குடுங்கண்ணே, அப்புறம் நிப்பாட்டிருங்க. பசிச்சா தானாக் கொத்திரும்" என்று சொல்லி, சிரிஞ்சும் ஒரு பொட்டலம் பொடியும் கொடுத்து அனுப்பினார். கொண்டையில் இறகுகள் இன்னும் குழல் பிரியாமல் குச்சி குச்சியாக நின்றன. வால் கட்டை விரல் நீளம்கூட இல்லை. காக்டெய்ல் ஏழு முதல் பத்து வாரத்துக்குள்தான் முழுசாகத் தானே தின்னத் தொடங்கும். அவர் சொன்ன கணக்கு ஆறு வாரத்திலேயே முடிகிறது.

இந்தப் 'பசிச்சாக் கொத்தும்' வைத்தியம் நம் ஊரில் எல்லா வாயிலும் வருகிறது. பசித்த குஞ்சு கத்தும், அவ்வளவுதான். கொத்தாது. கிண்ணத்தில் இருப்பது சாப்பாடு என்று அதற்கு இன்னும் தெரியவே தெரியாதே! வயிறு நிறைந்த குஞ்சுதான் சும்மா இருக்க மாட்டாமல் கிண்ணத்தைக் கிளறும், கிளறும்போது வாயில் வைக்கும், வாயில் வைத்ததில் ஒன்று ருசிக்கும். பட்டினி போட்டு நிறுத்திய குஞ்சு வளர்ந்த பிறகும் கையைக் கண்டால் தலையை ஆட்டிக்கொண்டு கெஞ்சும் பழக்கம் விடாது என்று பறவை வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். தெரிந்தவர் வீட்டில் நானே பார்த்திருக்கிறேன்.

சரி, பொடிக்கு வருகிறேன். விற்றவர் கொடுத்த பொட்டலத்தில் என்ன பொடி என்று எழுதவே இல்லை. அதை ஓரம் வைத்துவிட்டு, நல்ல நிறுவனத்தின் கைத்தீனிப் பொடி வாங்கினோம். விலை கசக்கத்தான் செய்கிறது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். குழந்தைகளுக்கான சத்துமாவைக் கரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குஞ்சுக்கு வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் அந்த அளவில் இருக்காது. கரைத்த கூழ் 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கணும். ஆறிப்போனால் குஞ்சு வாங்காது, வாங்கினாலும் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் செரிக்காமல் தங்கிப் புளித்துவிடும். 43 டிகிரிக்கு மேல் போனால் தீனிப்பையே வெந்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் மேலே வெதுவெதுப்பாகவும் நடுவில் கொதியாகவும் இருக்கும் என்பதால் எங்கள் வீட்டில் வெந்நீரில் கிண்ணத்தை வைத்துத்தான் சூடு பண்ணுவோம். சமையலுக்கான தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கினேன். அதுவும் உருப்படியான சாமான்தான், ஆனால் அதைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை. மீந்த கூழை மதுரை வெயிலில் வைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். ஒவ்வொரு வேளைக்கும் புதுசாகத்தான் கரைக்கணும்.

இனித் தராசை எப்படிப் பயன்படுத்தினோம் என்பது. காலையில் முதல் ஊட்டலுக்கு முன்னால், தீனிப்பை காலியாக இருக்கும்போது, எச்சம் போட்ட பிறகு. தினமும் அதே நேரம். தீனிப்பை நிறைந்திருக்கும்போது நிறுத்துப் பார்த்தால் கூழின் எடையும் சேர்ந்துவிடும், அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. தட்டு வழவழப்பாக இருப்பதால் குஞ்சின் கால் இரண்டு பக்கமும் வழுக்கி அகலும். அதனால் பழைய துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் சின்ன பிளாஸ்டிக் கூடையை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கும் சுழிப் பட்டனை அழுத்திவிட்டு, பிறகு குஞ்சை உள்ளே விடுவோம். வந்த எண்ணை எங்கள் கடைக் காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் என் மகள் எழுதுவாள். குஞ்சுக்குக் குந்துமணி என்று பேர் வைத்ததும் அவள்தான். கன்னத்தில் ஆரஞ்சு வட்டம் இருக்கிறது, அப்பா வேலையும் தங்கக் கடை, வேறென்ன பேர் வைப்பது.

குந்துமணி உச்சத்தில் 92 வந்தது. பிறகு சிறகை அடித்துப் பறக்க ஆரம்பித்ததும் இறங்கத் தொடங்கியது. 90, 88, 85. முதல் தடவை குஞ்சு வளர்ப்பவர்கள் இங்கேதான் கலங்குவார்கள். கலங்கவேண்டியதில்லை. கூட்டை விட்டுக் கிளம்பும் பருவத்தில் உச்ச எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறைவது எல்லாக் கிளிக்குஞ்சுக்கும் உள்ள இயல்பு. உடம்பு பறக்கத் தோதாக இளைக்கிறது. சிரிஞ்சைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அப்போதுதான். அந்த நேரத்தில் வாயைப் பிளந்து திணிப்பது கூடாது. கூழ் மூச்சுக் குழாய்க்குப் போய்விட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

தராசு கொடுத்த காசுக்கு உழைத்தது அதற்குப் பிறகுதான். ஒருநாள் மதியம் வேலை இடத்துக்கே போன் வந்தது. "என்னங்க, கிண்ணத்துல தினை பாதி காலி. நல்லாத் தின்னுது. மதியப் பொடியை நிப்பாட்டிரலாமா?" என்று என் மனைவி. மதிய ஊட்டலை நிறுத்துவதுதான் முறை. முதலில் மதியம், அது பழகியபின் காலை, கடைசியாக ராத்திரி. ராத்திரி வெறும் வயிற்றோடு தூங்க விடக்கூடாது என்பதால் அது கடைசி. நிறுத்தினோம். மறுநாள் 84. அதற்கடுத்தநாள் 82. அப்புறம் 79.

கிண்ணம் காலியாகிறது, எடை இறங்குகிறது. லீவு நாளில் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். குந்துமணி ஒரு தினையை எடுக்கும். மேல் அலகுக்கும் நாக்குக்கும் நடுவில் வைத்து உருட்டும். கருப்பாக, குட்டையாக இருக்கும் அந்த நாக்கின் நுனி வளர்ந்த பறவையின் நாக்குப் போலவே வேலை செய்யும். தட் என்று ஒரு சின்னச் சத்தம். உமி இரண்டாகப் பிளந்து ஒரு பக்கம் விழும். பார்த்தால் தேர்ந்த கை. ஆனால் உள்ளே இருந்த பருப்பும் அதே அலகின் மறுபக்கம் வழியாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது! பத்துத் தினை உடைத்தால் ஒன்றோ இரண்டோதான் தொண்டைக்குப் போயிற்று. உரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது, விழுங்கக் கற்றுக்கொள்ளவில்லை. கூண்டுத் தட்டைத் துழாவினால் உமியோடு மஞ்சள் மஞ்சளாக முழுப் பருப்பும் கிடந்தது. 79 என்ற எண் இல்லாவிட்டால் இதை உட்கார்ந்து பார்க்கவே தோன்றியிருக்காது.

அன்றைக்கே மதிய ஊட்டலைத் திரும்பத் தொடங்கினோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கைத்தீனி நிறுத்துவது ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் போகும். நோய்வாய்ப்பட்டால், இடம் மாறினால், நன்றாகத் தின்றுகொண்டிருந்த குஞ்சுகூட மறுபடி சிரிஞ்சு கேட்கும். கேட்டால் கொடுக்கவேண்டியதுதான்.

எச்சத்தையும் பாருங்கள். கூழ் மட்டும் குடிக்கும் வரை தண்ணியாகப் பரவும். தானியம் உண்மையிலேயே வயிற்றுக்குள் போக ஆரம்பித்தால் கரும்பச்சையில் சுருண்ட திடமும், அதன்மேல் வெள்ளையும் எனப் பிரிந்து விழும். ஆனால் எச்சம் 'தின்கிறது' என்றுதான் சொல்லும், 'போதுமான அளவு தின்கிறது' என்று சொல்லாது. அதைச் சொல்ல வெள்ளைத் தராசுதான்.

என்ன கொடுத்தோம் என்றால், டப்பாவில் வந்த மென்மையான உணவை இரண்டு கரண்டி போட்டுவிட்டு மூடி வைத்துவிட்டோம். சர்க்கரை வாசனை தூக்கியது, குஞ்சும் காலால் மிதித்ததோடு சரி. பெல்லட் நல்ல பொருள்தான், தானியம் மட்டுமே தின்றால் விட்டமின் ஏ போதாது என்பதால் அது வேண்டும். முதலில் வெந்நீரில் நனைத்து மசித்துக் கொடுத்தால்தான் தொடும். மற்றதெல்லாம் நம் சந்தையிலேயே இருக்கிறது. உப்பில்லாமல் வேகவைத்த மக்காச்சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட், முளைகட்டிய பாசிப்பயறு, முருங்கைக்கீரைக் கொத்து. முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போடக்கூடாது, கொத்தாகக் கூண்டில் கட்டித் தொங்கவிடணும். ஆடுகிற இலையைத்தான் அது கடிக்கும். தெருவில் விற்கும் சோளக்கதிரில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவியிருப்பார்கள், அது ஆகாது. வேகவைத்தது எதையும் கூண்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். சித்திரை வெயிலில் அதற்குள்ளேயே பயறு கொழகொழக்கும்.

தினைக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் உறையில் கதிராக வருவதற்குக் கொடுக்கும் விலையில் கீழமாசி வீதியில் கிலோக் கணக்கில் வாங்கலாம். ஆனால் கேட்கும்போது 'உமி நீக்காத தினை' என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் பொங்கலுக்கு ஆகும் தினை அரிசியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். இப்போது சிறுதானியம் என்றால் எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வருகிறது. கூடவே கம்பும் குதிரைவாலியும் கொஞ்சம் கலந்துகொள்ளலாம். குதிரைவாலி நம் பேரையூர்ப் பக்கத்திலேயே விளைகிறது. வள்ளி பரண்மேல் நின்று கிளியைக் கல்லால் விரட்டிக் காத்த தினை இது. நானோ தட்டில் போட்டு, விரலால் தட்டிக் காட்டி, நானும் தின்பதுபோல் வாயை அசைத்துக் காட்டி, தின்னம்மா தின்னு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். வாயை அசைப்பது வேலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டாளி தின்பதைப் பார்த்துத்தான் இவை கற்றுக்கொள்கின்றன. வேறு பறவை இல்லாத வீட்டில் நாம்தான் கூட்டாளி.

கிண்ணத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு. உமி மேலே மிதக்கும். பார்த்தால் நிறைய இருக்கிற மாதிரி தெரியும், ஊதிப் பார்த்தால் அடியில் ஒன்றும் இருக்காது. தினமும் ஊதணும்.

நான்ஸ்டிக் தோசைக்கல் வைத்திருப்பவர்கள் குஞ்சைச் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள். அளவுக்கு மீறிக் காய்ந்தால் அதிலிருந்து வரும் புகை பறவைகளை நிமிஷங்களில் கொன்றுவிடும். அவகேடோவும் சாக்லேட்டும் விஷம்.

இதைப் படித்துவிட்டு, தெருவோரம் கூடையில் வைத்து விற்கும் பச்சைக்கிளிக் குஞ்சை யாரும் வாங்கிவிடவேண்டாம். மீனாட்சி அம்மன் கையிலேயே கிளி இருக்கிறது, கோயிலுக்குள்ளேயே கிளிக்கூட்டு மண்டபம் இருக்கிறது, நம் வீட்டில் இருந்தால் என்ன என்று மதுரைக்காரர்களுக்குத் தோன்றும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். காக்டெய்ல் ஆஸ்திரேலியப் பறவை, அதற்கு இந்தத் தடை இல்லை. சன் கானூர் மாதிரி வேறு சில வெளிநாட்டுக் கிளிகளை வளர்ப்பவர்கள் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும்.

தராசின் குறைகளையும் சொல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானே அணைந்துவிடுகிறது. கூடையை வைத்துச் சுழியாக்கிவிட்டுக் குஞ்சைப் பிடிக்கப் போனால், அது திரைச்சீலைக் கம்பியில் ஏறிக்கொள்ளும், இறக்கிக்கொண்டு வருவதற்குள் தராசு தூங்கியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. குஞ்சு அசைந்தால் எண்ணும் ஆடும், நிலையாக நிறுத்திக் காட்டும் வசதி இந்த விலையில் இல்லை. இரண்டு தினைக்கதிர்த் துண்டைக் கூடைக்குள் போட்டுச் சுழியாக்கிவிட்டு உள்ளே விட்டால் தலையைக் குனிந்து அசையாமல் கொத்தும், எண் நிற்கும். அளவு மாற்றும் பட்டன் சுழிப் பட்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விரல் பட்டு அவுன்ஸுக்கு மாறிவிட்டால் 3 என்று காட்டும், காலை நேரத்தில் நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுதான் அடிக்கும். பேட்டரி தீரப்போகும்போது எடையைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. எச்சரிக்கை விளக்கு வரும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே மாற்றிவிடுவது நல்லது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று, தானே அணைவதற்கு.

மதிய ஊட்டல் நின்று, காலையும் நின்று, ராத்திரி ஊட்டலில் இரண்டு வாய் வாங்கிவிட்டுச் சிரிஞ்சின் நுனியைக் கடித்து விளையாடத் தொடங்கிய பிறகும் நிறுப்பதை விடவில்லை. 86, 85, 86 என்று ஒரே இடத்தில் நின்றது. ராத்திரி ஊட்டலை நிறுத்திய பிறகும் அதே எண்தான். விற்றவர் சொன்ன பத்து நாளைப்போல எத்தனையோ மடங்கு ஆகியிருந்தது. பறவைக்கு என்ன அவசரம்?

வாங்கப் போகிறவர்களுக்கு: பெட்டியில் பத்து கிலோ என்று போட்டிருந்தாலும் ஒரு கிலோ என்று போட்டிருந்தாலும் ஒரு கிராம் காட்டினால் போதும், ஆனால் ஐந்து கிராம் தாவுகிற பழைய வகை வேண்டாம். கடையிலேயே பேட்டரி போட்டுப் பாருங்கள். எடைக்கல் தேடி அலையவேண்டாம், பத்து ரூபாய் நாணயம் பத்தைக் கையில் கொண்டுபோங்கள். ஒன்று 7.7 கிராம் சொச்சம், பத்தும் சேர்த்து 77 காட்டணும். தேய்மானத்துக்கு ஒரு கிராம் முன்னே பின்னே விடலாம். நாணயங்களைத் தட்டின் நடுவில் ஒருமுறை, ஓரத்தில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த முதல் தராசு ஓரத்தில் 72 காட்டியது. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் அடுத்ததைப் பிரித்தார்.